வழுக்க வேண்டிய தரை

அத்தியாயம் 11

போன வாரம் மேஸ்திரி, "சரி, நானே போட்டுத் தர்றேன்" என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தோம். சொன்னவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். தூக்கம் போனது அவர் மகளுக்குத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. மேஸ்திரிக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. சொரசொரப்பு. அவர் போட்ட தரையில் மழை பெய்யட்டும், எண்ணெய் கொட்டட்டும், சோப்புத் தண்ணீர் ஓடட்டும், ஓர் ஆள் வழுக்கி விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது. கலவையைக் கொட்டி, மட்டம் பார்த்து, கரண்டியால் இழைத்து முடித்த கையோடு துடைப்பத்தை எடுப்பார். ஈரத் தரையின் மேல் ஒரே சீராக ஓர் இழுப்பு. வரி வரியாக விழும். கால் வைத்தால் பிடித்துக்கொள்ளும். பேச்சும் அதே ரகம்தான் என்பாள் அவர் மனைவி.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு தரை கேட்டிருக்கிறாள் பெற்ற மகள்.

மகள் பகலில் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். மற்ற நேரமெல்லாம் ஸ்கேட் போர்டின் மேல். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்று யாரை வேண்டுமானாலும் சொல்வார்கள். இவள் விஷயத்தில் அது வசவு இல்லை, வெறும் தகவல். கடைசியில் பெயரே சக்கரம் என்று ஆகிவிட்டது.

கடை வாசலில் விட்டால் கடைக்காரர் துரத்தினார். ரோட்டில் விட்டால் லாரிக்காரர் திட்டினார். அதனால்தான் ஊருக்கு ஒரு ஸ்கேட் பார்க் வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் துருப்பிடித்த வண்டிகள் கிடந்த இடத்தை நகர அலுவலகம் கொடுத்தது. ஒரு நிபந்தனை. மாசக் கடைசிக்குள் வேலை முடிந்து, அதிகாரி வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் கார் நிறுத்தப் போய்விடும்.

வெளியூர் நிறுவனம் சொன்ன தொகையைக் கேட்டு, பார்க்குக்காகச் சேர்ந்த குழுவில் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதன் பிறகுதான் அப்பாவைக் கேட்டாள். ஊரே சேர்ந்து திரட்டிய பணத்தில் கலவை ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். கெட்டுப்போனால் உடைத்துவிட்டு மறுபடி போட வழியே இல்லை. இன்றைக்கு அந்த ஒரு தடவை.

ஆகவே விடிந்ததும் சக்கரம் செய்த முதல் காரியம், அப்பாவின் வேனுக்குள் ஏறித் திருடியது.

"என்னத்த தேடற?"

மேஸ்திரி பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு துடைப்பத்தையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கிற?"

"இன்னிக்கு இது வேண்டாம்பா."

"வேண்டாம்னு எனக்குத் தெரியாதா? ஸ்கேட் பார்க் இருக்கற அந்த ஊர் வரைக்கும் போய், அவங்க போட்ட குழிய கையால தடவிப் பார்த்துட்டுதானே வந்தேன். சக்கரம் ஓடணும்னா வழவழன்னுதான் இருக்கணும். தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். உங்க கைக்குத் தெரியாது."

மேஸ்திரி வாயில் நுரையோடு தன் கையைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் ஒத்திகைக்காக ஒரு துண்டுத் தரை போட்டிருந்தார். அருமையாக வந்திருந்தது. முகம் பார்த்துத் தலை வாரலாம். அப்புறம் மகள் போன் பேசிவிட்டுத் திரும்புவதற்குள், பழக்கதோஷத்தில், அதன் மேல் ஓர் இழுப்பு இழுத்திருந்தார். அந்தத் துண்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, வரி வரியாக.

"எங்க வைக்கப் போற?"

"நூலகத்துல. பூட்டி வெச்சுடுவேன்."

"திருப்பிக் கொடுக்க லேட்டானா அபராதம் வாங்கு" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

சக்கரம் சிரித்துவிட்டாள். ஆனால் துடைப்பங்களைக் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

* * *

அதே நேரத்தில் பார்லரில் அம்மாவுக்குக் கூட்டம் தாங்கவில்லை.

பார்லரம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஸ்கேட் பார்க்குக்குப் பணம் திரட்டியதில் பாதிப் புண்ணியம் அவளுடையது. முழுத் தரையையும் அடி அடியாகப் பிரித்து, ஆளுக்கு ஓரடி என்று விற்றவள் அவள்தான். நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்பாள்.

"ஓரடி வாங்கிக்கறீங்களா?"

கத்தரிக்கோல் வைத்திருப்பவளிடம் யார் மாட்டேன் என்பார்கள்? பேங்க் மேனேஜர் மட்டும் முதல் தடவை கேட்டபோது பதறிப்போய், "எதுக்கும்மா அடி? நான் என்ன பண்ணினேன்?" என்றார். விஷயம் தெரிந்ததும் இரண்டடி வாங்கினார்.

"இதுவரைக்கும் என் பொண்ணு ஒருத்திதான் அடி வாங்கிக்கிட்டு இருந்தா" என்று பார்லரம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "இனிமே ஊரே வாங்கட்டும்."

இன்று கலவை கொட்டுகிற நாள். ஓரடி வாங்கினவர்கள் எல்லாம் தங்கள் அடியைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்கள். பார்லரம்மாவும் கடையைச் சாத்தக் கிளம்பினாள். மருந்துக்கடைக்காரம்மா மட்டும் தலை நிறைய பிளாஸ்டிக் கர்லர்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னை இப்படியே விட்டுட்டுப் போறியா?"

"அக்கா, அது சுருள இன்னும் நேரமாகும். இங்க உட்கார்ந்து சுருண்டா என்ன, அங்க வந்து சுருண்டா என்ன?"

"இந்தத் தலையோட தெருவுல நடக்கச் சொல்றியா?"

"நம்ம தரையைப் பார்க்க வேண்டாமா?"

மருந்துக்கடைக்காரம்மா யோசித்தார். தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பார்லரம்மா டீ பிளாஸ்கை எடுத்தாள். பேப்பர் கப் எடுத்தாள். இத்தனை பேர் வருகிற இடமாயிற்றே, நிற்கிற இடத்தையாவது கூட்டி வைப்போம் என்று, கடையில் வெட்டிய முடியைக் கூட்டுகிற நீளக் கம்புத் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டாள்.

துடைப்பத்தை இடது கையில் பிடிக்கும்போது மணிக்கட்டு வழக்கம்போலக் கொஞ்சம் கோணிக்கொண்டது. பல வருஷத்துக் கோணல் அது. நகர அலுவலகத்துப் படிகளில் அப்போது பளபளவென்று கல் பதித்திருந்தார்கள். ஒரு மழை நாளில் வரி கட்டப் போனவள் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை சறுக்கி வந்தாள். எலும்பு சேர்ந்தது, சேர்ந்த விதம்தான் சரியில்லை. அன்றிலிருந்து கனமான ஹேர் டிரையரை அந்தக் கையால் தூக்க மாட்டாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மேஸ்திரி சொரசொரப்பு ஆனார். அதுவரை அவரும் எல்லோரையும் போலப் பளபளப்பாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நகர அலுவலகத்தில் போய் அவர் போட்ட சண்டையை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். அந்தப் படிகளையும் பெயர்த்துவிட்டு அவரேதான் மறுபடி கட்டிக் கொடுத்தார்.

மகளுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் துடைப்பத்தைத் திருடியபோது அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

* * *

கலவை லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. அதுவே பாதி ஆறுதல்.

குழி தயாராக இருந்தது. அதைக் குழி என்று சொன்னால் சக்கரத்துக்குக் கோபம் வரும், கிண்ணம் என்பாள். பார்ப்பதற்கும் கிண்ணம்தான். யாரோ ஒரு பெரிய ஆள் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பதித்துவிட்டுப் போன மாதிரி. உள்ளே கம்பி கட்டியிருந்தது. விளிம்பைச் சுற்றி இரும்புக் குழாய் பதித்திருந்தது. வெளியே இன்னும் மண்தரை.

அடிப்பாகம் சுலபம். சரிவுதான் சோதனை. கலவை கொஞ்சம் இளகியிருந்தால் வழிந்து கீழே போய்ச் சேரும். கெட்டியாக இருந்தால் இழைக்க வராது. மேஸ்திரி முதல் கலவையைக் கையில் எடுத்து உருண்டை பிடித்து, விரலை விரித்துப் பார்த்தார். உருண்டை அப்படியே நின்றது.

"கொட்டு" என்றார்.

இரண்டு கொத்தனார்கள் அள்ளி அள்ளிச் சரிவில் அப்பினார்கள். வளைவுக்கு ஏற்றபடி அறுத்த மட்டப்பலகையைச் சக்கரமும் அவள் தோழியும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். மேஸ்திரி இரும்புக் கரண்டியோடு பின்னாலேயே வந்தார். முதல் தடவை இழைத்தபோது தரை சாம்பல் நிறத்தில் மந்தமாக இருந்தது. கொஞ்சம் இறுகவிட்டு இரண்டாவது தடவை இழைத்தார். மந்தம் போயிற்று. மூன்றாவது தடவை கரண்டியைச் சாய்த்துப் பிடித்து அழுத்தி இழுத்தபோது, கரண்டிக்குக் கீழிருந்து மணி அடித்த மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்தது.

சக்கரம் குனிந்து பார்த்தாள். வானம் தெரிந்தது.

"அப்பா!"

"என்ன, வழுக்குதா?"

"சூப்பரா வழுக்குதுப்பா."

மேஸ்திரி முகத்தில் ஒரு சின்ன அருவருப்பு வந்து போனது. வழுக்குது என்று ஒருவர் பாராட்டுவதை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஓரடி வாங்கினவர்கள் கயிற்றுக்கு அப்பால் திரண்டு நின்றார்கள். "என் அடி எதும்மா?" என்று ஆளாளுக்குப் பார்லரம்மாவைப் பிடுங்கினார்கள்.

"எல்லாருதையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கியாச்சு. எது யாருதுன்னு அந்த லாரிக்கே தெரியாது" என்றாள் அவள். அப்போதும் பேங்க் மேனேஜர் விடவில்லை. தன் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலாவது இருக்கிறதா என்று கேட்டார்.

வெயில் சாய ஆரம்பித்தபோது முழுக் கிண்ணமும் முடிந்திருந்தது. கொத்தனார்கள் முதுகை நிமிர்த்தினார்கள். சக்கரம் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். கெடவில்லை. வெடிக்கவில்லை. வழியவில்லை. அப்பாவின் கையும் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டது. அவளுக்கு அப்படியே மண்ணில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த இடத்தில் தொடரை நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் பார்லரம்மா டீ கொண்டு வந்துவிட்டாள்.

* * *

அவள் கயிற்றைத் தாண்டி விளிம்புக்கு வந்தாள். துடைப்பத்தைச் செங்கல் குவியலில் சாய்த்து வைத்தாள். ஒரு கப்பை நிரப்பி, "ஏங்க, குடிச்சுட்டு வேலையப் பாருங்க" என்று கணவரிடம் நீட்டினாள்.

விளிம்பை ஒட்டி நடப்பதற்குப் போட்டிருந்த பலகையில் கொஞ்சம் கலவைத் தண்ணீர் சிந்தியிருந்தது. அவள் செருப்பு அதில் பட்டது.

ஒரு சாண் சறுக்கியிருக்கும். அவ்வளவுதான். உடனே சமாளித்து நின்றுவிட்டாள். டீ கூடக் கொட்டவில்லை.

ஆனால் மேஸ்திரி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காலைப் பார்த்தார். காலுக்குப் பின்னால் பளபளவென்று இறங்கும் சரிவைப் பார்த்தார். அவர் மனசு ஒன்றும் சொல்லவில்லை. கை நீண்டது. துடைப்பம் கிடைத்தது. அவள் நின்ற இடத்துக்குக் கீழே, சரிவின் மேல் ஓர் இழுப்பு இழுத்தார். அதை ஒட்டி இன்னோர் இழுப்பு.

"அப்பா!"

அந்த அலறலில் கயிற்றுக்கு அப்பால் இருந்த பேச்சு மொத்தமும் நின்றது.

மேஸ்திரி துடைப்பத்தைப் பார்த்தார். அது தன் கைக்கு எப்படி வந்தது என்றே தெரியாதவர் மாதிரி. வானம் தெரிந்த இடத்தில் இப்போது வரி வரியாகத் தெரிந்தது. வரிகளுக்கு நடுவில் பார்லர் முடி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க? ஒவ்வொரு வீடா ஏறிக் கேட்டிருக்கேன்ப்பா. சக்கரம் இந்த இடத்துல வந்து பிடிச்சுக்கும். வர்றவன் தலைகுப்புற விழுவான். உங்களுக்கு இது பிடிக்கவே இல்ல. முதல்லேர்ந்தே பிடிக்கல. அதான் இப்படி."

அவள் அழுதுகொண்டிருந்தாள். எல்லோர் முன்னாலும் அழுகிறோமே என்ற வெட்கம் கூட வரவில்லை.

மேஸ்திரி துடைப்பத்தைச் செங்கல் குவியலில் திரும்பச் சாய்த்து வைத்தார்.

பார்லரம்மா டீயைக் கீழே வைத்தாள்.

"நான் வழுக்கினேன்டி" என்றாள் மகளிடம், மெதுவாக. "அவரு பார்த்துட்டாரு. அவ்வளவுதான்."

சக்கரம் அம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். சொன்ன வார்த்தைகளை அள்ளி மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமென்றால் அந்த நிமிஷமே போட்டுக்கொண்டிருப்பாள்.

"அழறத அப்புறம் வெச்சுக்கலாம்" என்று பார்லரம்மா கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கலவை இறுகிடுச்சா, இல்ல இன்னும் ஈரமா இருக்கா? அத முதல்ல சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் மேஸ்திரிக்கு உயிர் வந்தது. குனிந்து கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினார். லேசாகப் பதிந்தது.

"இருக்கு. ஆனா ரொம்ப நேரம் நிக்காது. இது முடி கூட்டற துடைப்பம், மெத்துனு இருக்கு, வரி ஆழமா விழல. இப்பவே இழைச்சா மறைஞ்சுடும். என்னோட துடைப்பமா இருந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்."

அவருடைய துடைப்பம் நூலகத்தில் பூட்டிக் கிடந்தது.

"அப்ப இழைங்க."

"எங்கேர்ந்து இழைக்கறது? சரிவுல கால் வைக்க முடியாது. வெச்சா என் பாதம்தான் பதியும். மேல நின்னா கை எட்டாது."

சுற்றிலும் பார்த்தார். சாரத்துக்குக் கொண்டுவந்த நீளப் பலகை ஒன்று மண்தரையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்க, பார்லரம்மா அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவள் கயிற்றுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஓரடி வாங்கினவங்க எல்லாரும் வாங்க! பலகையில உட்காரணும்!"

* * *

விளிம்புக்கு இந்தப் பக்கம் செங்கல் அடுக்கினார்கள். அதன் மேல் பலகையைப் போட்டு, ஒரு முனையைச் சரிவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டினார்கள். மேஸ்திரி அந்த முனையில் குப்புறப் படுத்துக்கொண்டார். கரண்டியும் கையும் மட்டும் கீழே தொங்கின. மறு முனையில், மண்தரைப் பக்கம், ஊர் உட்கார்ந்தது.

முதலில் பார்லரம்மா. பக்கத்தில் துண்டு நழுவிய தலையோடு மருந்துக்கடைக்காரம்மா. அப்புறம் பேங்க் மேனேஜர், இரண்டடி வாங்கிய உரிமையில் நடுவில். சக்கரம் அப்பாவின் கணுக்கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் அசையாதீங்க" என்று கீழிருந்து குரல் வந்தது.

"கேட்டுதா? யாரும் அசையாதீங்க" என்றாள் பார்லரம்மா. "நான் எழுந்தேன்னா இவரு குழிக்குள்ள. இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்கு எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

பலகை குலுங்கியது.

"சிரிக்காதீங்கன்னு சொல்லும்மா!" என்றார் மேஸ்திரி.

"ஏங்க, அந்தச் சமையலறைத் தரைய மாத்தித் தர்றேன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? துணி பட்டா நூல் நூலா உருவுதே."

"இப்பவா பேசற அத?"

"இப்பதானே நீங்க ஓட முடியாது."

"மாத்தித் தர்றேன். உட்காரு."

"எல்லாரும் கேட்டுக்கங்க. சாட்சி."

பலகை மறுபடி குலுங்கியது. இந்தத் தடவை குலுங்கியது கீழ்முனையிலிருந்து. மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கரண்டி முனையால் ஒட்டியிருந்த முடியில் ஒன்றை நெம்பி எடுத்தார். இன்னொன்று வரவில்லை. விட்டுவிட்டார். பிறகு கரண்டியைப் படுக்கவைத்து அழுத்தி இழுத்தார். வரிகள் மங்கின. நகர்ந்து மறுபடி இழுத்தார். அவர் உடம்பு முழுவதும் அந்த ஒரு கையில் இருந்தது. கணுக்காலைப் பிடித்திருந்த சக்கரத்துக்கு அவர் நரம்பு துடிப்பது தெரிந்தது.

"அப்பா" என்றாள் தணிந்த குரலில். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"காலக் கெட்டியாப் பிடி. பேச்ச விடு."

"பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"எனக்குப் பிடிக்கலன்னு யார் சொன்னா?" என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே. "பயமா இருக்கு. ரெண்டும் வேற."

அவள் கணுக்கால்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கரண்டிக்குக் கீழிருந்து அந்த மணிச் சத்தம் வரும் வரை யாரும் மூச்சு விடவில்லை. அது வந்தது. மேஸ்திரி தலையைத் தூக்கி, "இழுங்கடா என்னை" என்றார்.

* * *

வெயில் போன பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆறிப்போன டீயைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டு கிண்ணத்தைச் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி விரலால் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. ஆனால் ஸ்கேட் போர்டை ஓட்டிப் பார்க்கப் பல நாள் பொறுக்க வேண்டும். அதுவரை ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும்.

"சரியா வந்திருக்கா இல்லையான்னு இப்பவே தெரியாதா?" என்று சக்கரம் தவித்தாள். "அந்த இடத்துல தட்டுதான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்பா. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

பார்லரம்மா சுற்றிலும் பார்த்தாள். மருந்துக்கடைக்காரம்மாவின் தலையில் அவள் கண் நின்றது.

"அக்கா, ஒண்ணு கொடுங்க."

"இன்னும் சுருளலன்னு சொன்னியே?"

"ஒண்ணே ஒண்ணு."

காதோரத்திலிருந்து ஒரு கர்லரை உருவினாள். அந்த இடத்து முடி ஸ்பிரிங் மாதிரி துள்ளி விழுந்தது. காற்று மாதிரி லேசான பிளாஸ்டிக் உருளை. இன்னும் முழுசாக இறுகாத பச்சைத் தரைக்கு அதனால் ஒரு சேதமும் வராது. அவள் அதைக் கணவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மேஸ்திரி குனிந்து, தான் கெடுத்துச் சரிசெய்த இடத்துக்கு நேர் மேலே அதை வைத்து, கையை எடுத்தார்.

கர்லர் உருண்டது. அந்த இடத்தைக் கடந்தது. தடுக்கவில்லை. அடிவரைக்கும் ஓடி, எதிர்ச் சரிவில் பாதி ஏறி, கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்து, கிண்ணத்தின் நடுவில் ஆடி ஆடி நின்றது.

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். சக்கரம் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை முழுக்கக் கலவை. அவள் முகம் முழுக்க ஒட்டியது. அவர் தட்டிவிடவில்லை. இப்போதுதான் அவளுக்கு முழு மூச்சும் வந்தது.

"அது யார் எடுக்கறது?" என்று மருந்துக்கடைக்காரம்மா கிண்ணத்துக்குள் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பெரியவன் வந்தான். சக்கரத்தின் அண்ணன். நகர அலுவலகத்தில் கட்டடப் பிரிவில் வேலை. நல்ல செய்தி என்றால் போனில் சொல்லிவிடுவான். நேரில் வந்தால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துகொள்வது வழக்கம்.

"என்னடா?" என்றாள் பார்லரம்மா.

"புது அதிகாரி வந்திருக்காரும்மா. மாசக் கடைசியில அவர்தான் இதைப் பார்க்க வர்றாரு. விதிப் புத்தகத்த எடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்க்கறாரு." கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். "பொது இடத்துத் தரை எதுவா இருந்தாலும் சொரசொரன்னுதான் இருக்கணுமாம். வழுக்கற தரைக்கு அனுமதி கிடையாதாம். விதியில இருக்கு."

"எந்தப் புத்திசாலி எழுதினான் அந்த விதிய?" என்று மருந்துக்கடைக்காரம்மா கொதித்தார்.

ஒவ்வொருவராக மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

அந்தப் படிச் சண்டையின் முடிவில், அவர் நகர அலுவலகத்தையே உலுக்கி எழுத வைத்த விதி அது. ஊரில் அதற்கு மேஸ்திரி விதி என்றே பெயர்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "நானே போய்ப் பேசறேன். எழுத வெச்சவன் நான். இதுக்கு மட்டும் ஒத்துவராதுன்னு நானே சொல்றேன்."

"நீங்க சொன்னாப் போதாதுப்பா" என்றான் பெரியவன். "வழுக்கி விழுந்து அடிபட்ட பொதுமக்கள் பாதுகாப்புக்காகன்னு விதியில எழுதியிருக்கு. அதுக்கு என்ன பதில்னு கேப்பாரு."

மேஸ்திரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அடிபட்ட பொதுமக்கள் நான்தானே?" என்றாள் பார்லரம்மா.

அவள் இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அப்ப நானே பதில் சொல்றேன். வாயால இல்ல. அந்த அதிகாரி வந்து நிக்கட்டும். அவர் கண்ணு முன்னால நான் இதுல இறங்கிக் காட்டறேன். சக்கரம், உன் போர்டுல ஏறி நிக்கறதுக்கு எனக்கு எந்தக் கால் முன்னால வரணும்?"

"அம்மா!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சக்கரம் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அத யாரும் சொல்ல முடியாதும்மா. உன் உடம்புக்குத்தான் தெரியும்" என்றாள். "கண்ண மூடிக்கிட்டு நில்லு. பின்னாலேர்ந்து லேசாத் தள்ளுவேன். விழாம இருக்க எந்தக் கால் முதல்ல முன்னால போகுதோ, அந்தக் கால்தான்."

பார்லரம்மா மண்தரையில் நேராக நின்று கண்களை மூடிக்கொண்டாள்.

சக்கரம் அம்மாவின் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். அம்மா முன்னால் சாய்ந்தாள். மேஸ்திரியின் இரண்டு கைகளும் பாய்ந்து நீண்டன. அவளைத் தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது அந்தக் கைகள் நின்றன. பிடிக்கவில்லை.

ஓரடி எடுத்து வைத்து, விழாமல் நின்றாள் பார்லரம்மா.

"இடது கால்" என்றார் மேஸ்திரி.